புரட்டிப் போட்ட கல்

அத்தியாயம் 11

கஸ்தூரியின் தோணி கரை சேருவதற்குள் கல்லைப் புரட்டிவிட வேண்டும். அன்று கண் விழித்ததிலிருந்து லோகநாயகியின் தலைக்குள் இது ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது.

போன ஆடியில் அவள் அந்தக் கல்லில்தான் விழுந்தாள். வீட்டுக்குப் பின்னால் பனையோலைத் தட்டி வைத்துக் கட்டிய குளிமறைப்பு. நடுவில் பதித்த ஒரே கல். அப்போது அவளுக்கு ஐந்தாம் மாதம். விழுந்ததில் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. வயிற்றில் இருந்ததுதான் தங்கவில்லை.

அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. ஆனால் நாத்தனார் கஸ்தூரிக்கு வளைகாப்பு முடிந்தது, தலைப்பிரசவத்துக்கு அனுப்பி வைக்கிறோம் என்று ஏரியின் வடகரையிலிருந்து சேதி வந்த அன்றைக்கே லோகநாயகி புருஷனிடம் சொல்லிவிட்டாள்.

"அந்த மறைப்பைப் பிரிச்சுக் கட்டணும். இல்லன்னா உங்க தங்கச்சியை அதுல காலு வைக்க விடமாட்டேன்."

அதிகம் பேசாதவள் பேசியதால் மாசிலாமணி மறுபேச்சுப் பேசவில்லை.

இருப்பதை வைத்துத்தான் வேலை நடந்தது. ஒல்லாந்துக்காரர்கள் கோட்டைப் பக்கம் இடித்துத் தள்ளிய பழைய கிடங்கின் அரைச் செங்கற்களை மாசிலாமணி தோணியில் அள்ளி வந்தான். ஏரியில் வாரிய கிளிஞ்சலைச் சுட்டு, கிணற்று நீர் விட்டு, லோகநாயகியே சுண்ணாம்பாக்கினாள். காட்டூரிலிருந்து பச்சைமுத்து கொத்தனார் வந்தார். கூலியில் பாதி கருவாடு என்று பேச்சு.

இப்போது மூன்று பக்கமும் ஆள் உயரத்துக்குச் சுவர் நிற்கிறது. தண்ணீர் தேங்காமல் ஏரிப்பக்கம் ஓட ஒரு சின்ன வாய்க்கால். வாசலுக்கு மட்டும் பழைய ஓலைத் தட்டியே போதும் என்று விட்டாயிற்று. செங்கல் சுவரோடு தீர்ந்துவிட்டது. தரைக்கு இல்லை.

"தரைக்கு இன்னாத்துக்கும்மா செங்கல்லு? அதான் கல்லு கெடக்குதே" என்றார் பச்சைமுத்து. "மேல்பக்கம் எண்ணெயும் பாசியும் குடிச்சு மீன் முதுகு மாதிரி ஆயிப்போச்சு. அடிப்பக்கம் சொரசொரப்பா இருக்கும். பொரட்டிப் போட்டாப் போதும். காசும் மிச்சம், காலும் மிச்சம்."

லோகநாயகிக்கு அது சரி என்று பட்டது. மாமியார் முத்தம்மாள்தான் ஒப்பவில்லை.

"சுவரு கட்டுறதுன்னா கட்டு. கல்லைத் தொடாதே. உன் மாமனாரு போட்ட கல்லு."

"வழுக்குது அத்தே."

"பார்த்து நடந்தா எதுவும் வழுக்காது."

அந்தச் சொல் லோகநாயகியின் மேல் எங்கே போய் விழுந்தது என்று முத்தம்மாளுக்குத் தெரிந்திருக்கும். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனாலும் சொன்னதை மாற்றவில்லை.

இன்று காலையில் முத்தம்மாள் நண்டுக் கூடையோடு பழவேற்காட்டுச் சந்தைக்குப் போனாள். மாசிலாமணி ஏரியில் வலை இழுத்துக்கொண்டிருந்தான். மாமியார் தலை தெருவைத் தாண்டியதும் லோகநாயகி கடப்பாரையை எடுத்துக் கொத்தனாரிடம் நீட்டினாள்.

"வாங்கண்ணே. பொரட்டிடலாம்."

"பெரியம்மா?"

"நான் பார்த்துக்கிறேன்."

சொல்லும்போது குரல் தடுமாறியது. பச்சைமுத்து அதைக் கேட்காதவர் போலக் கடப்பாரையை வாங்கிக்கொண்டார்.

பெரிய கல் ஒன்றும் இல்லை. ஒருவர் நின்று குளிக்க மட்டும் காணும். ஆனாலும் வருஷக்கணக்கில் களிமண்ணைக் கவ்விக்கொண்டிருந்தது. பச்சைமுத்து ஓரத்தைக் கெல்லிக் கடப்பாரையை நுழைத்து அழுத்த, லோகநாயகி இந்தப் பக்கம் கட்டையை முட்டுக்கொடுத்தாள். மண் சப்பென்ற ஓசையோடு கல்லை விட்டது. நிமிர்த்தி, ஒரு நொடி நிறுத்தி, மெதுவாக மறுபக்கம் சாய்த்தார்கள்.

அடிப்பக்கம் முழுக்கக் கறுப்புச் சேறு. லோகநாயகி ஒரு குடம் தண்ணீரைச் சாய்த்தாள்.

சேறு வழிந்தது. கல்லில் கோடுகள் தெரிந்தன. வரிசை வரிசையாக எழுத்து. தமிழ் இல்லை. கோட்டை வாசலில் இருக்கிற எழுத்து மாதிரி.

"யம்மா" என்றார் பச்சைமுத்து. "இது சமாதிக் கல்லும்மா."

லோகநாயகி இன்னொரு குடம் ஊற்றினாள். எழுத்துக்கு மேலே ஒரு உருவம் கழுவிக்கொண்டு வெளியே வந்தது. நடுவில் இடுப்புச் சிறுத்த ஒரு உடுக்கை. அதன் இரண்டு பக்கமும் விரித்த இறக்கைகள்.

அவள் கையிலிருந்து குடம் நழுவியது.

இறக்கை வைத்த உடுக்கை. அதை அவள் கண்ணால் பார்ப்பது இதுதான் முதல் தடவை. ஆனால் காதால் கேட்டிருக்கிறாள். ஏரியைச் சுற்றி இருக்கிற எல்லா ஊரும் கேட்டிருக்கிறது.

கஸ்தூரியின் மாமனார் எல்லப்பன் ஒரு காலத்தில் கோட்டைச் சரக்குத் தோணிக்குத் தண்டல். துடுப்புக்காரர்கள் எல்லாம் அவர் சொல்லுக்குத்தான் துடுப்பைப் போடுவார்கள். ஒருநாள் சதுரங்கப்பட்டினத்தில் செதுக்கிய கல் ஒன்று கப்பலில் வந்தது. கோட்டைத் துரை ஒருவரின் பச்சைப் பிள்ளை செத்துப்போய், அதற்கு வைக்க வந்த கல். கப்பலிலிருந்து இறக்கிக் கரைக்குக் கொண்டுவரும்போது முகத்துவாரத்தில் அலை புரட்டியது. கல் தண்ணீரில் போயிற்று. ஆட்கள் பிழைத்தார்கள்.

துரை நம்பவில்லை. கல்லை விற்றுவிட்டான் என்றார்கள். எல்லப்பனைக் கோட்டைக்கு முன்னால் கட்டி வைத்துக் கசையால் அடித்தார்கள். தண்டல் வேலை போயிற்று. திருடன் என்ற பேரோடு இந்தக் கரையில் இருக்கப் பிடிக்காமல் வடகரைக்குப் போய்விட்டார்.

அன்றிலிருந்து அவர் பார்க்கிறவர்களிடமெல்லாம் அந்தக் கல்லைப் பற்றிச் சொல்வார். கப்பலில் கயிறு கட்டும்போது தன் கையால் தடவிப் பார்த்த கல், மேலே இறக்கை வைத்த உடுக்கை செதுக்கியிருந்தது என்பார். ஜனங்கள் சிரிப்பார்கள். உடுக்கைக்கு எவனாவது இறக்கை வைப்பானா? துரைமாரின் மணற்கடிகாரத்தை அந்த ஜனங்கள் பார்த்ததில்லை. பொய் சொல்கிற பையனைக்கூட ஊரில் "இறக்கை உடுக்கை" என்று கேலி செய்கிற அளவுக்குப் போயிற்று. கஸ்தூரி கல்யாணப் பந்தியில் அவர் அதைச் சொன்னபோது லோகநாயகியும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தவள்தான்.

சிரிக்காத ஒருத்தி முத்தம்மாள். அது இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அந்த எல்லப்பன்தான் இன்று மருமகளைக் கூட்டிக்கொண்டு வருகிறார்.

"நான் கிளம்பறேம்மா" என்றார் பச்சைமுத்து. கரணையை அவசரமாகக் கழுவிக்கொண்டிருந்தார். "எனக்கு இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு? கோட்டைக்காரன் கேட்டா நான் சுவரு கட்டினேன், அவ்ளோதான். கல்லை நான் பார்க்கவே இல்ல."

"அண்ணே, கொஞ்சம் இருங்க. அவரு வந்துடட்டும்."

மாசிலாமணி வந்தான். இறால் கூடையை இறக்கிவிட்டு மறைப்புக்குள் எட்டிப் பார்த்தான். பார்த்தவன் அப்படியே நின்றான்.

"இன்னா இது?"

லோகநாயகி அவனுக்கு வழிவிட்டு ஒதுங்கினாள். அவனுக்கும் அந்தக் கதை தெரியும். அவன் கண் எழுத்தில் நிற்காமல் நேராக உடுக்கைக்குப் போனது.

"இது எப்படி..." என்றவன் நிறுத்தினான். அவன் அப்பா சடையன் அந்தத் தோணியில் துடுப்புப் போட்டவர். எல்லப்பனுக்குப் பக்கத்துத் துடுப்பு. அப்பா செத்து இரண்டு வருஷம் ஆகிறது. கேட்க முடியாது.

கேட்டால் சொல்லக் கூடியவள் அதே நேரத்தில் கொல்லைப்பக்கம் வந்து நின்றாள். சந்தையில் நண்டு சீக்கிரம் போய்விட்டது போலும். வெறும் கூடை இடுப்பில் இருந்தது.

முத்தம்மாள் கல்லைப் பார்த்தாள். மருமகளைப் பார்த்தாள். கூடையைக் கீழே வைத்தாள்.

"தொடாதேன்னு சொன்னேனா இல்லியா?"

"அம்மா, இதை நைனா திருடினாரா?" என்றான் மாசிலாமணி.

"வாயைக் கழுவு. செத்த மனுசனைப் பத்திப் பேசற."

"அப்ப இது எப்படி வந்துச்சு?"

முத்தம்மாள் பச்சைமுத்துவைப் பார்த்தாள். அவர் கருவாட்டு மூட்டையைத் தேடுகிறவர் போல அந்தப் பக்கம் நகர்ந்தார்.

"எல்லப்பன் ஊரை விட்டுப் போன அப்புறம் கெடைச்சது. முகத்துவாரம் மணல் மூடிக் கெடந்த வருசம். உங்க நைனா வலையில மாட்டுச்சு. கோட்டைக்குத் தூக்கிக்கினு போனா இவரும் கூட்டுக் கள்ளன்னு சொல்லிக் கட்டி வச்சு அடிப்பான். திரும்ப ஏரியில போடலாம்னா, முகத்துவாரத்துல விழுந்ததை எடுத்தவன் திரும்பப் போடக் கூடாது. போட்டா தோணி தங்காது. அது உனக்கும் தெரியும்." அவள் மூச்சு வாங்கினாள். "குப்புறப் போட்டு மேல நின்னு குளிச்சோம். அவ்ளோதான்."

மாசிலாமணி சுவரில் சாய்ந்தான். ஈரச் சுண்ணாம்பு முதுகில் அப்பியது.

"அதான் நைனாவே வடகரைக்குப் போயி, பொண்ணு குடுக்கிறேன்னு வலிய நின்னாரா?"

முத்தம்மாள் குனிந்து வெறும் கூடையை எடுத்துக்கொண்டாள்.

"மாமா மூஞ்சைப் பார்த்து நான் இன்னான்னு சொல்லுவேன்? இதைப் பார்த்தாருன்னா கஸ்தூரியை இங்க ஒரு ராத்திரிகூடத் தங்க விடமாட்டாரு. அப்படியே திருப்பி இட்டுனு போயிடுவாரு. அப்புறம் அவ காலத்துக்கும் இந்த வாசப்படி மிதிக்க மாட்டா."

"அவரு பார்த்தாத்தானே" என்றாள் முத்தம்மாள். "பழையபடி போடு."

லோகநாயகி ஒரு அடி முன்னால் வந்தாள்.

"பழையபடி போட்டா வழுக்கும் அத்தே."

"கோரைப்பாய் ஒண்ணு விரி."

"அன்னிக்கும் பாய் விரிச்சிருந்திச்சு. பாய்தான் காலோட போச்சு."

"மணலைத் தூவலாம்" என்றான் மாசிலாமணி.

"ரெண்டு சொம்பு தண்ணி ஊத்தினா மணலு நிக்குமா?" அவள் கொத்தனாரிடம் திரும்பினாள். "அண்ணே, மேல்பக்கம் உளியால கொத்தி விட முடியாதா?"

"இது கருங்கல்லும்மா. கல்தச்சன் வேணும். நான் செங்கல் ஆளு." பச்சைமுத்து தாழ்ந்த குரலில் சேர்த்தார்: "கல்தச்சன் யாரு இருக்கான்? எல்லாம் கோட்டையில வேலை செய்யறவன்."

மாசிலாமணி கடப்பாரையை எடுத்தான். அவளைப் பார்க்காமல் பேசினான்.

"மாமா நாளைக்குக் காத்தால கிளம்பிடுவாரு. அப்புறம் பொரட்டிக்கலாம். இன்னிக்கு ஒரு நாள்தானே லோகு? ஒரே ஒரு குளியல்."

"எனக்கும் ஒரே ஒரு குளியல்தான்."

கடப்பாரை அவன் கையில் நின்றது. முத்தம்மாளும் அசையவில்லை. போன ஆடிக்குப் பிறகு இந்த வீட்டில் அந்தப் பேச்சு எழுந்தது அதுதான் முதல் தடவை.

பிறகு மாசிலாமணி, "பிடிங்க கொத்தனாரே" என்றான்.

கல் மறுபடி குப்புற விழுந்தது. மண்ணைத் தள்ளிச் சமப்படுத்தினார்கள். பச்சைமுத்து கருவாட்டு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, சொல்லிக்கொள்ளாமல் காட்டூர் வழியைப் பார்த்து நடந்தார்.

எல்லாரும் போன பிறகு லோகநாயகி கல்லின் மேல் ஒரு சொம்பு தண்ணீர் விட்டாள். வலது பாதத்தை வைத்து லேசாக அழுத்தினாள். பாதம் தானாக முன்னால் ஓடியது. சுவரைப் பிடித்துக்கொண்டாள். செங்கல் பொடியைக் கொட்டித் தேய்த்துப் பார்த்தாள். சாம்பல் போட்டுப் பார்த்தாள். தண்ணீர் பட்டதும் கல் பழைய குணத்துக்குத் திரும்பியது.

அவள் சுவரில் வழிந்திருந்த சுண்ணாம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டே நின்றாள்.

தென்றல் எழும்பிக் கொஞ்ச நேரத்தில் தோணி வந்தது.

"அண்ணீ!" கஸ்தூரியின் குரல் கரையிலிருந்தே கேட்டது. கை நிறைய வளையல், வயிறு முன்னே, அவள் பின்னே. "இன்னா அண்ணி இளைச்சுப் போயிட்டீங்க? எங்க அண்ணன் சோறு போடுதா இல்ல வலையையே கட்டிக்கினு அழுவுதா?"

"நீதான் ரெண்டு பேரு சோத்தைத் தின்னு ஊதிப் போயிருக்க" என்றான் மாசிலாமணி. சிரிப்பு உதட்டோடு நின்றது.

"பாருங்க மாமா, வந்து இறங்கலை, அதுக்குள்ள சோத்துக் கணக்கு."

பின்னால் எல்லப்பன் இறங்கினார். நல்ல உயரம். தலைத்துண்டை எடுத்து முகம் துடைத்தபோது தோளிலிருந்து முதுகுக்கு இறங்கும் பழைய தழும்புகள் வெயிலில் மினுங்கின. லோகநாயகி பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். அவற்றை முன்பும் பார்த்திருக்கிறாள். இப்படிப் பார்த்ததில்லை.

"வாங்கண்ணே" என்றாள் முத்தம்மாள். குரல் வழக்கத்தைவிடக் கொஞ்சம் உயரமாக இருந்தது.

"நல்லா இருக்கியா தங்கச்சி? இந்தா, உன் பொண்ணு. வழி முழுக்க வாய் மூடலை. துடுப்புப் போட்ட களைப்பைவிட இவ பேச்சைக் கேட்ட களைப்புதான் சாஸ்தி."

அரிசி மூட்டையும் பாத்திரங்களும் இறக்க வேண்டியிருந்தது. மாசிலாமணி கரையிலேயே தங்கினான். அங்கேயே இருப்பதுதான் அவனுக்கு வசதி என்று லோகநாயகிக்குத் தோன்றியது. முத்தம்மாள் சமையல்கட்டுக்குள் போய்த் தவலையில் வெந்நீர் போட்டாள். பிள்ளைத்தாய்ச்சி ஏரி தாண்டி வந்தால் தலைக்கு ஊற்றிக்கொண்ட பிறகுதான் அடுப்படியில் கால் வைக்க வேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம்.

எல்லப்பன் கொல்லைப்பக்கம் வேப்பமர நிழலில் உட்கார்ந்தார். லோகநாயகி மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"புதுச் சுவரு கட்டியிருக்கீங்க போல. நல்லா இருக்குது" என்றார்.

"ஆமா மாமா."

"என் மருமகளுக்காகவா?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அவர் மோரைக் குடித்தார். சொம்பைக் கீழே வைக்காமல் கையில் சுற்றிக்கொண்டே சொன்னார்:

"வர்ற வழியில தோணிரேவு ஊர்ப் பசங்க ரெண்டு பேரு பக்கத்துத் தோணியில போனாங்க. என்னைப் பார்த்ததும் ஒருத்தன் கையை ரெண்டு பக்கமும் இப்படி ஆட்டினான். இறக்கையாம்." அவர் சிரித்தார். "எனக்குப் பழகிப்போச்சு. என் பையனுக்கும் பழகிப்போச்சு. பொறக்கப் போறதும் இதைக் கேட்டுக்கினுதான் வளரணும் போல. அதை நினைச்சாத்தான் கொஞ்சம் ஒரு மாதிரி இருக்குது."

லோகநாயகி காலிச் சொம்புக்காகக் கை நீட்டினாள். அங்கிருந்து போய்விட வேண்டும் என்று நினைத்தாள். அவர் சொம்பை விடவில்லை.

"அண்ணி!" மறைப்புக்குள்ளிருந்து கஸ்தூரி கூப்பிட்டாள். "இது குளிக்கிற இடமா, கோட்டையா? சுவத்துல மாடமெல்லாம் வச்சிருக்கீங்க! இனிமே எவ்ளோ நேரம் வேணா குளிக்கலாம், ஓலை ஓட்டையில ஆடு எட்டிப் பார்க்காது."

அவள் உள்ளே போய்விட்டாள்!

லோகநாயகி ஓடினாள். ஓலைத் தட்டியை விலக்கியபோது கஸ்தூரி சீயக்காய்க் கிண்ணத்தை மாடத்தில் வைத்துக்கொண்டு ஒரு காலைக் கல்லின் மேல் வைத்திருந்தாள். கல் இன்னும் ஈரமாக இருந்தது. மற்றக் காலை எடுத்தாள். வைத்த கால் நகர்ந்தது.

கொஞ்சம்தான். ஒரு விரல்கடை. கஸ்தூரி "ஐயோ" என்று சுவரில் கை ஊன்றினாள். லோகநாயகி அவளை இடுப்போடு சேர்த்துப் பிடித்திருந்தாள். எப்போது பிடித்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. வயிற்றுக்குள் குழந்தை ஒரு தடவை உதைத்தது. அந்த உதை லோகநாயகியின் உள்ளங்கையில் பட்டது.

"ஒண்ணும் ஆகலை அண்ணி. விடுங்க. ஏன் இப்படி நடுங்கறீங்க?"

"வெளியே வா."

"நான் பார்த்து நின்னுக்கிறேன்."

"வெளியே வா கஸ்தூரி."

அந்தக் குரலை அதுவரை அந்த வீடு கேட்டதில்லை. கஸ்தூரி வெளியே வந்தாள்.

கடப்பாரை சுவரோரம் சாய்ந்து நின்றது. மாசிலாமணியைக் கூப்பிடலாம். அவன் வரமாட்டான், வந்தாலும் கல்லைத் தொடமாட்டான். மாமியாரால் தூக்க முடியாது. கொல்லையில் இருக்கிற பலமுள்ள கை ஒரு ஜோடிதான்.

சொன்னால் இந்தக் குடும்பம் இரண்டாகும். கஸ்தூரி இப்போதே தோணி ஏறிவிடுவாள். சொல்லாவிட்டால், நாளைக்குப் புரட்டலாம் என்ற பேச்சு நாளை மறுநாளுக்குத் தள்ளிப்போகும்; பிரசவம் முடியும் வரைக்கும் ஒவ்வொரு குளியலுக்கும் தான் இங்கே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். தன் உள்ளங்கையைப் பார்த்தாள். அந்த உதை இன்னும் அங்கேயே இருப்பது போலிருந்தது.

"மாமா" என்றாள். "ஒரு கை குடுங்க. கல்லைப் பொரட்டணும்."

"இதுக்கு இன்னாம்மா இவ்ளோ தயக்கம்?" எல்லப்பன் துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு எழுந்து வந்தார். "கொத்தனாரு பாதியில விட்டுட்டுப் போயிட்டானா?"

அவள் கடப்பாரையை நுழைத்து அழுத்தினாள். இளகின மண், உடனே விட்டது. எல்லப்பன் குனிந்து கல்லின் விளிம்புக்கு அடியில் இரண்டு கைகளையும் கொடுத்தார்.

"ம்... தூக்கு."

கல் ஒரு சாண் எழுந்தது. பிறகு எழவில்லை.

அவர் கைகள் கல்லுக்கு அடியில் நின்றுவிட்டன. முழங்கை வரைக்கும்தான் வெளியே தெரிந்தது. லோகநாயகி பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்த முழங்கைகள் மெல்ல நகர்ந்தன. விரல்கள் உள்ளே எதையோ தடவிக்கொண்டு போகின்றன. இடப்பக்கம். நடுவில் சிறுத்த இடம். வலப்பக்கம்.

சமையல்கட்டு வாசலில் முத்தம்மாள் வெந்நீர்த் தவலையோடு வந்து நின்றாள். ஆவி அவள் முகத்தை மறைத்தது.

எல்லப்பன் தலையைத் தூக்கவில்லை.

"கடப்பாரையை விட்டுடாதே பொண்ணே" என்றார். "மெதுவா."

இரண்டு பேரும் சேர்ந்து கல்லை நிமிர்த்தி மறுபக்கம் சாய்த்தார்கள். அவர் மண்டியிட்டு உட்கார்ந்து, தலைத்துண்டைத் தண்ணீரில் நனைத்து, சேற்றைத் துடைக்க ஆரம்பித்தார். வரி வரியாகத் துடைத்தார். இறக்கையின் ஒவ்வொரு இறகுக்குள்ளும் விரலை விட்டு மண்ணை எடுத்தார். துண்டைப் பிழிந்தார். மறுபடி துடைத்தார்.

கஸ்தூரி மாமனாரின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, வாயில் கை வைத்துக்கொண்டாள். அவளுக்கும் புரிந்துவிட்டது. அம்மாவைப் பார்த்தாள். முத்தம்மாள் தவலையைக் கீழே வைக்கவும் இல்லை, கொண்டுவரவும் இல்லை.

"அண்ணே..." என்றாள் முத்தம்மாள்.

எல்லப்பன் கையைத் தூக்கினார். போதும் என்பது போல. பிறகு அந்தக் கையாலேயே கல்லைத் தட்டிப் பார்த்தார். ஆடவில்லை. சொம்பில் தண்ணீர் மொண்டு கல்லின் மேல் விட்டார். எழுத்துகளுக்குள் தண்ணீர் ஓடி, வாய்க்கால் பக்கம் இறங்கியது. தன் பாதத்தை வைத்து அழுத்தி, முன்னும் பின்னும் தேய்த்துப் பார்த்தார். பாதம் நின்ற இடத்தில் நின்றது.

"வாம்மா கஸ்தூரி" என்றார். "நில்லு. இப்ப வழுக்காது."

"மாமா, இது மேல... ஒரு புள்ளையோட கல்லு மேல எப்படி மாமா?"

"இந்தக் கல்லு அந்தப் புள்ளைகிட்டப் போய்ச் சேரவே இல்லம்மா. நம்ம புள்ளைக்காவது ஒரு நாள் உதவட்டும்."

கஸ்தூரி தயங்கித் தயங்கி ஏறி நின்றாள். லோகநாயகி ஓலைத் தட்டியை இழுத்து மூடினாள். முத்தம்மாளின் கையிலிருந்து எல்லப்பனே வெந்நீர்த் தவலையை வாங்கித் தட்டிக்கு அருகே வைத்தார். வாங்கும்போது இருவர் கைகளும் ஒன்றன்மேல் ஒன்று பட்டன. அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

அவர் வேப்பமரத்தடிக்குப் போய், குளிமறைப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். தழும்புகள் நேராக இவர்களைப் பார்த்தன.

"அவ குளிச்சு முடிக்கட்டும்" என்றார். "அப்புறம் பேசுவோம்."

கரையிலிருந்து அரிசி மூட்டையோடு வந்த மாசிலாமணி, அந்த முதுகைப் பார்த்ததும் மூட்டையை இறக்காமல் அப்படியே நின்றான்.

உள்ளே முதல் சொம்புத் தண்ணீர் விழும் ஓசை கேட்டது. பிறகு இரண்டாவது. சுவருக்கு வெளியே வாய்க்காலில் சீயக்காய் நுரை மிதந்து ஏரியைப் பார்த்து ஓடியது. லோகநாயகி தட்டியைப் பிடித்தபடி நின்றாள். ஏழு மாதமாக அவளுக்கு அந்த ஓசையைக் கேட்டாலே பயம். இன்று அந்தத் தவலையில் தண்ணீர் தீராமலே இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தாள்.

சொம்பு தவலையின் அடியில் உரசியது.